டீசலில் கழுவிய பேரிங்

1. கருகிய வாசம்

ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு புஷ்பராணியின் பாடசாலை வேன் எங்கள் கராஜ் ஏற்றத்தில் ஏறி வந்தது. ஏறி வந்தது என்று எழுதினாலும், ஏறியது எஞ்சின் சத்தம்தான். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்தியது. சக்கரமோ மனிதர் நடக்கும் வேகத்தில்தான் சுற்றியது. வாசலுக்கு வருவதற்குள் கருகிய வாசம் உள்ளே வரை வந்துவிட்டது. கிளச் பிளேட் எரிந்த வாசத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

எங்கள் கராஜ் ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் ரோட்டில், ஒரு சரிவில் இருக்கிறது. இருபத்துமூன்று வருடமாக நான் அங்கே வேலை செய்கிறேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கை "பாஸ்" என்று கூப்பிடுவது வழக்கம். என்னை நாதன் பாஸ் என்பார்கள். செய்த வேலையை அன்றன்றே கொப்பியில் எழுதி வைப்பேன். வண்டி என்ன, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு, எதைக் கழற்றினேன், எதை மாற்றினேன், எதை மாற்றாமல் விட்டேன், ஏன் விட்டேன். இந்தக் குறிப்பும் அந்தக் கொப்பியிலிருந்து எடுத்ததுதான்.

புஷ்பராணி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். நாற்பது வயது இருக்கும். ஆறு வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, லைசென்ஸ் எடுத்து, வேன் வாங்கி, தான் பிறந்த தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறார். அந்தத் தோட்டத்தில் வேன் ஓட்டும் முதல் பெண் அவர்தான்.

"என்னாச்சு தங்கச்சி?"

"பெரட்டுக்களம் ஏத்தத்துல நின்னுருச்சுண்ணே. எஞ்சின் மட்டும் கொழும்புக்குப் போற மாதிரி கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பிள்ளைங்க இல்ல, நல்லவேளை. இருந்திருந்தா பின்னாலருந்தே பாட்டுப் பாடியிருக்கும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் விஷயம் சிரிக்கக்கூடியதாக இல்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மேல் பிரிவிலிருந்து பதினொரு பிள்ளைகள் எழுதுகிறார்கள். காலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இவர் வண்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக் கோயிலில் பெற்றோர் கூடிப் பேசி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பரீட்சை முடியும் வரை ஒரு நாள் வண்டி பிந்தினாலும், மறுநாளிலிருந்து பதினொரு பேரும் வேறு வேனுக்கு மாறிவிடுவார்கள். கீழ்ப் பிரிவில் ஒருவர் புதிதாக வேன் வாங்கி அதற்காகவே காத்திருந்தார்.

"ஆம்பள டிரைவர்னா இந்தக் கூட்டமே போட்டிருக்க மாட்டாங்கண்ணே," என்றார் புஷ்பராணி. "எனக்கு மட்டும் கூட்டம், தலைவர், தீர்மானம் எல்லாம்."

2. கியர் பாக்ஸ் இறங்கினால்

கிளச் வேலையில் பாதி நேரம் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதிலேயே போகிறது. ஆகவே எரிந்த பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடக்கூடாது. அந்த இருட்டறைக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இன்று விட்டதை நாளை பார்க்க வேண்டுமென்றால் திரும்பவும் பெட்டியை இறக்க வேண்டும்.

அன்று நானும் செல்வமும் பத்தே முக்காலுக்குப் பெட்டியை இறக்கினோம். செல்வம் எனக்கு அடுத்த பாஸ்; கை வேகம், வாய் அதைவிட வேகம். உள்ளே பார்த்தவற்றைக் கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்.

பிளேட் ரிவெட் வரை தேய்ந்து கருகியிருந்தது. அதை எஞ்சினோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீல நிறச் சூட்டுத் தழும்புகள். பிளைவீல் முகத்தில் மெல்லிய வெடிப்பு. லேத்துக்கு அனுப்பி ஒரு சீவு சீவினால் போதும். எஞ்சினின் பின்பக்க ஓயில் சீலில் ஈரம். அந்த ஈரத்தை விட்டால் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடித்து வழுக்கும். எனவே சீல் மாற்ற வேண்டும். பிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் போல உரசியது. அதுவும் மாற்ற வேண்டும்.

மீதி இருந்தது ரிலீஸ் பேரிங். நாம் பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களைப் போய்த் தள்ளுவது அதுதான். அது தள்ளினால்தான் கிளச் விலகும், கியர் மாறும்.

சாமான் கடைக்கு புஷ்பராணியே போய்விட்டு வந்தார். எங்கள் பக்கம் பெரும்பாலும் வண்டிக்காரரே சாமான் வாங்கி வந்து கொடுப்பார். பிளேட், பிரஷர் பிளேட், சீல், பைலட் பேரிங் எல்லாம் கிடைத்தன. ரிலீஸ் பேரிங் மட்டும் ஹட்டனில் இல்லை.

"கண்டியிலருந்து எடுக்கணுமாம். திங்கக்கிழமை பஸ்ஸுல போட்டு விடுறேன்னாங்க," என்றார். "போடட்டும்ணே. எல்லாத்தையும் மாத்திருங்க. திங்கக்கிழமை ஒருநாள் பிள்ளைங்கள மூணு ஓட்டோவுல அனுப்பிக்கிறேன். பரீட்சை இன்னும் தொடங்கலதானே."

இந்த வார்த்தைகளை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். காத்திருக்க அவர் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொன்னது நான்.

அதற்குக் காரணம் என் பெருமைதான். எங்கள் தோட்டத்து ரோடுகளில் ஓடும் வண்டியின் அடியில் சிவப்பு மண் சாந்து மாதிரி அப்பியிருக்கும். கழற்றிய எந்தச் சாமானையும் நான் அப்படியே பூட்டியதில்லை. முதலில் டீசல் தட்டில் ஊறப்போடுவேன். பிறகு பிரஷ். பிறகு காற்று. பிறகு வெள்ளைத் துணி. துணியில் அழுக்குப் பட்டால் திரும்பவும் டீசல் தட்டு. செல்வம் எங்கள் கராஜுக்கு "ஆஸ்பத்திரி" என்று பெயர் வைத்திருந்தான். வருகிறவர்களிடம் எல்லாம், "நாதன் பாஸ்கிட்ட வண்டிய விட்டா போதும், எஞ்சின குளிப்பாட்டி, தலை துவட்டி, பவுடர் போட்டு அனுப்புவாரு," என்பான்.

அந்த ரிலீஸ் பேரிங்கிலும் மண் அப்பியிருந்தது. சனிக்கிழமை மாலை அதை டீசல் தட்டில் போட்டேன். பிளைவீல் ஞாயிறு பகல்தான் லேத்திலிருந்து வருவதாக இருந்ததால் அது இரவெல்லாம் ஊறியது. ஞாயிறு காலை எடுத்து பிரஷ் போட்டு, காற்றடித்து, விரலில் மாட்டிச் சுற்றினேன். சத்தமே இல்லை. புதுப் பம்பரம் மாதிரி நெடுநேரம் சுற்றியது.

"பாரு தங்கச்சி. இத மாத்துறதா? இது இன்னும் ஒரு பிளேட் தேயுற வரைக்கும் தாங்கும்."

அவர் அதைத் தன் விரலில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான்ணே சுத்துது. நீங்க சொன்னா சரி."

அன்றைய குறிப்பின் கடைசி வரி: "ரிலீஸ் பேரிங் டீசலில் கழுவப்பட்டது. சத்தம் இல்லை. மிகச் சுத்தம். மாற்றவில்லை."

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வண்டி போனது. புஷ்பராணி முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, எங்கள் எல்லோருக்கும் கடலை வடை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

3. புதுப் பிளேட் சத்தம் என்றேன்

இரண்டரை வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், அவர் கராஜ் வாசலில் வண்டியை நிறுத்தினார். அன்று இரண்டு லொறி உள்ளே நின்றன. நான் ஒன்றின் அடியில் படுத்திருந்தேன். எழுந்து வந்தேன்.

"அண்ணே, பெடல மிதிச்சா கீச்சுனு ஒரு சத்தம். காலையில குளிருல நல்லா கேக்குது. எடுத்தா நின்னுருது."

மிதித்தால் வந்து, எடுத்தால் நிற்கும் சத்தம் ரிலீஸ் பேரிங்கின் சத்தம். தொழிலுக்கு வந்த இரண்டாம் மாதத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் அது. ஆனால் அந்தப் பேரிங்கை என் விரலில் சுற்றிப் பார்த்தவன் நான். அது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்ட காதுக்குச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது. எஞ்சின் சூடாக இருந்ததால் அப்போது சத்தமும் குறைவு.

"புதுப் பிளேட்டுதானே. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். பழகிரும்," என்றேன்.

"சரிண்ணே. திங்கக்கிழம பரீட்சை தொடங்குது. அதான் கேட்டேன்."

"பயப்படாம ஓட்டு."

கொப்பியில் அன்று எழுதியது: "பு.ராணி வேன். சத்தம் என்றார். இறக்கிப் பார்க்கவில்லை." ஏன் பார்க்கவில்லை என்று எழுதும் வழக்கம் உண்டு. அந்த ஒரு வரிக்கு மட்டும் காரணம் எழுதவில்லை.

4. இரண்டாம் கியரில் ஆறு கிலோமீட்டர்

பரீட்சை தொடங்கி நான்காம் நாள். அன்று கணித பாடம். காலை ஏழு பத்துக்கு நான் கராஜைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, புஷ்பா. பெடல் செத்துருச்சு."

"எங்க நிக்கிற?"

"மேல் பிரிவு டிஸ்பென்சரிகிட்ட. கடைசிப் பிள்ளைய ஏத்த நிறுத்துனேன். மிதிச்சப்ப டங்குனு ஒரு சத்தம், அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் பெடல் கீழேயே கிடக்கு. கியர்லயே எஞ்சின் நின்னுருச்சு. பதினொரு பேரும் உள்ள இருக்குதுங்க. எட்டு மணிக்கு மண்டபத்துல இருக்கணும்."

குரல் நடுங்கவில்லை. சத்தத்தைச் சொன்ன முறையிலேயே என்ன உடைந்தது என்று தெரிந்துவிட்டது.

இரண்டு வழி இருந்தது. கராஜ் பிக்கப்பில் போய் ஏற்றி வரலாம். ஆனால் பிக்கப் முந்தின நாள் ரேடியேட்டர் கழற்றி நின்றது. வேறு வண்டி பிடித்து மேலே போய்த் திரும்ப எட்டு மணி தாண்டும். இன்னொன்று, கிளச் இல்லாமலே அந்த வண்டியை ஓட்டி வருவது. பிரேக் நன்றாக இருக்கிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது. டிஸ்பென்சரி முன்னால் ரோடு சமதளம். வழியில் ஒரே ஒரு ஏற்றம், சவுக்கு மரங்கள் நிற்கும் அந்த ஏற்றம் மட்டும்தான் ஆபத்து. அங்கே நின்றுவிட்டால் ஸ்டார்டர் வண்டியை மேலே இழுக்காது.

"தங்கச்சி, நல்லா கேளு. முதல் கியர்ல போடு. கியர்லயே வச்சு சாவியத் திருப்பு. வண்டி குதிச்சுக்கிட்டுக் கிளம்பும், பயப்படாத. வேகம் பிடிச்சதும் ஆக்சிலேட்டர விட்டுட்டு, லிவர மெதுவா இழு. தானா கழண்டு வரும். ஒரு மூச்சு விட்டு ரெண்டாம் கியர்ல வை, பலம் போடாத, அதுவே உள்ள போகும். ரெண்டுக்கு மேல போக வேணாம்."

"நிறுத்தணும்னா?"

"சாவிய ஒரு கட்டம் அணைச்சு, பிரேக்க ஒரே மிதியா மிதி. விட்டு விட்டு மிதிக்காத, எஞ்சின் நின்னா பிரேக் கனத்துரும். ஸ்டியரிங்கும் கனக்கும். சாவிய வெளிய மட்டும் எடுத்துராத."

"கேஸ் அடுப்பு மாதிரி அணைச்சு அணைச்சு மூட்டச் சொல்றீங்க. சரி. போனை தர்ஷினிகிட்ட குடுக்கிறேன், ரெண்டு கையும் வேணும்."

தர்ஷினி அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய சுப்பையாவின் மகள். போனில் முதலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது, பிறகு பிள்ளைகள் ஒரே குரலில் "ஆ" என்று கத்தியது, பிறகு எஞ்சின் சத்தம்.

"அங்கிள், கிளம்பிருச்சு. ரெண்டாம் கியர் விழுந்துருச்சு. ஸ்பீட் பதினஞ்சு."

"அப்படியே வரட்டும்."

"ஆறு கிலோமீட்டர். பதினஞ்சுல வந்தா இருபத்தி நாலு நிமிஷம். இப்ப ஏழு பதினெட்டு. நேரம் இருக்கு அங்கிள்."

கணிதப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கராஜ் மோட்டார் சைக்கிளில் சவுக்கு மர ஏற்றத்தை நோக்கிப் போனேன்.

எதிரே வண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன், அதுவே நடந்தது. ஏற்றத்தின் உச்சியிலிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றிய ஒரு லொறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை வழி ரோடு. இடையில் இரண்டு வண்டி விலகும் இடம் உச்சியில் மட்டும்தான். குறுக்கே பைக்கை நிறுத்திக் கையைக் காட்டினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாருய்யா நீ, பொலிஸா?"

"நாதன் பாஸ். பின்னால எடுத்து உச்சியில ஒதுக்குங்க. கீழருந்து கிளச் இல்லாத வேன் ஒண்ணு ஏறி வருது. நின்னா திரும்பக் கிளம்பாது."

"கிளச் இல்லாமலா? எவன் ஓட்டுறான் அந்த வண்டிய?"

"புஷ்பராணி. உள்ள பரீட்சைப் பிள்ளைங்க."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டார். மலைநாட்டில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது லைசென்ஸ் இல்லாதவனுக்கும் தெரியும். ஆனால் கொழுந்து ஏற்றிய லொறியை வளைவில் எண்பது அடி பின்னால் எடுப்பது சுலபமில்லை. எடுத்தார். ஒதுக்கி முடித்ததும் வேன் வந்தது. இரண்டாம் கியரில், எஞ்சின் ஒரே சுருதியில், ஒரு குலுக்கல் கூட இல்லாமல் எங்களைக் கடந்து போனது. புஷ்பராணி எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது. லொறி டிரைவர் வேன் வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டு, "எனக்கு லைசென்ஸ் குடுத்தவரு இத என்கிட்ட செய்யச் சொல்லியிருந்தா நான் இன்னும் தராசுல கொழுந்துதான் நிறுத்துக்கிட்டு இருப்பேன்," என்றார்.

பெரிய ரோட்டுச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் முந்திப் போய், "மாத்தயா, விபாகெ லமய்," என்று சிங்களத்தில் ஆரம்பித்து, பரீட்சைப் பிள்ளைகள், கிளச் உடைந்த வேன், நிற்க முடியாது என்று சொன்னேன். அவர் என்னை ஒரு தடவையும் வேனை ஒரு தடவையும் பார்த்தார். பிறகு மற்ற மூன்று பக்கத்துக்கும் கையை நீட்டினார்.

பாடசாலை வாசலில் சாவியை அணைத்து, ஒரே மிதியில் வண்டி நின்றபோது ஏழு நாற்பத்து நான்கு. பதினொரு பிள்ளைகளும் இறங்கிப் போனார்கள். தர்ஷினி போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ரெண்டு நிமிஷம் பிழை அங்கிள். ஏத்தத்துல வேகம் குறைஞ்சத நான் கணக்குல எடுக்கல," என்றாள்.

புஷ்பராணி ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். விரல்கள் உடனே விரியவில்லை.

"என் காலுதாண்ணே காரணம்," என்றார். "ஏத்தத்துல பெடல்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இப்ப நிஜமாகிருச்சு."

நான் வண்டியை இழுக்க ஒரு லொறி தேடப் போனேன்.

5. கொப்பியின் பக்கம்

வண்டியை லொறியில் கட்டி இழுத்து ஒன்பதரைக்கு கராஜுக்குக் கொண்டுவந்தோம். முதலாளி நியாஸ் கண்டிக்குப் போன் பண்ணினார். பேரிங்கும் பிரஷர் பிளேட்டும் பத்தரை பஸ்ஸில் நடத்துனரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு கியர் பாக்ஸ் இறங்கியது. ரிலீஸ் பேரிங்கின் ஒரு பக்கம் பிளந்து, உருண்டைகள் கருநீலமாகிக் கிடந்தன. பிரஷர் பிளேட்டின் விரல்களைக் கடித்துத் தின்றிருந்தது. புதுப் பிளேட்டும் பிளைவீலும் சீலும் அப்படியே புதிதாக இருந்தன. காலைப் பெடலில் வைத்தே ஓட்டியிருந்தால் பிளேட்டும் தேய்ந்து பளபளத்திருக்கும். அதில் அப்படி ஒரு அடையாளமும் இல்லை.

பிளந்த பேரிங்கின் உள்ளே விரலை விட்டேன். வெளியே எடுத்தபோது விரல் சுத்தமாக இருந்தது. கிரீஸ் ஒரு பொட்டு இல்லை.

ஒன்றரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுப் பேரிங் வந்தது. அதன் பெட்டிக்குள் ஒரு சின்னத் தாள் மடித்து இருந்தது. ஆயிரம் பெட்டி திறந்திருப்பேன். அந்தத் தாளை ஒருநாளும் படித்ததில்லை. அன்று விரித்தேன். எழுத்தே இல்லாத படம். ஒரு தட்டு, அதில் ஊறும் பேரிங், அதன்மேல் சிவப்புக் கோடு.

நான் தொழில் கற்ற காலத்து லொறிகளின் பேரிங்குகள் திறந்தவை. கழுவுவோம், புதுக் கிரீஸ் அடைத்துப் பூட்டுவோம். இது மூடிய பேரிங். ஆயுளுக்கும் தேவையான கிரீஸை உள்ளே வைத்து மூடியது. மூடியிருக்கிறது, டீசல் எப்படி உள்ளே போகும் என்று நினைத்துவிட்டேன். இரவெல்லாம் ஊறிய டீசல் ஓரத்தால் உள்ளே போய்க் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டது. ஞாயிறு காலை அது விரலில் அத்தனை லேசாகச் சுற்றியது, பிடித்து நிறுத்தக் கிரீஸ் இல்லாததால்தான். நான் பெருமையோடு காட்டிய அந்தச் சுழற்சிதான் கோளாறு.

நியாஸ் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர். கராஜைக் காப்பாற்ற வேண்டிய மனிதரும்கூட.

"நாதன், அந்தப் புள்ள தன் கால்ல பழியப் போட்டுக்கிட்டு நிக்கிது. நாங்க ஒண்ணும் சொல்லலயே. வேலைய முடிச்சுக் குடுப்போம். சாமான் என் பேர்ல இருக்கட்டும். அவ்வளவுதான்."

"அது கால் இல்ல முதலாளி."

"எனக்குத் தெரியும் கால் இல்லன்னு. ஊருக்குத் தெரியணுமா?"

நான் வேலையைத் தொடர்ந்தேன். புதுப் பேரிங்கை வெள்ளைத் துணியால் துடைக்கக்கூட இல்லை. பெட்டியிலிருந்து நேராகப் பூட்டினேன். அது சறுக்கும் குழாயில் ஒரு பொட்டுக் கிரீஸ், பேரிங்கைத் தள்ளும் முள்ளின் நுனியில் ஒரு பொட்டு. செல்வம் அன்று ஒரு கிண்டலும் பண்ணவில்லை. மூன்றே முக்காலுக்கு வண்டி கீழே இறங்கி நின்றது.

நான்கு மணிக்கு சுப்பையா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதே காக்கி உடுப்போடு வந்திருந்தார். புஷ்பராணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழுந்து நின்றார்.

"புஷ்பா, பிள்ளைங்க நேரத்துக்குப் போயிட்டாங்க, அது வேற," என்றார் சுப்பையா. "ஆனா வண்டி நின்னது நின்னதுதானே. நாளைக்கு விஞ்ஞானம். ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பொம்பள ஓட்டுனா கிளச் தாங்காதுன்னு லயம் பூராப் பேச்சு. கீழ்ப் பிரிவு வண்டிய வரச் சொல்லப்போறோம்."

"சரிங்கண்ணே," என்றார் புஷ்பராணி. காலையில் பதினொரு பிள்ளைகளை அப்படிக் கொண்டுவந்து சேர்த்தவர் திரும்பப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். நியாஸ் முதலாளி என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை; மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சுப்பையாண்ணே, இத ஒருக்கா கேளுங்க."

மூன்று குறிப்பையும் வாசித்தேன். புஷ்பராணி காத்திருக்கத் தயார் என்று சொன்னது. "ரிலீஸ் பேரிங் டீசலில் கழுவப்பட்டது. சத்தம் இல்லை. மிகச் சுத்தம். மாற்றவில்லை." பிறகு, "சத்தம் என்றார். இறக்கிப் பார்க்கவில்லை." உடைந்த பேரிங்கை அவர் கையில் கொடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். படத் தாளையும் காட்டினேன்.

சுப்பையா தொழிற்சாலைக்காரர். பேரிங் என்றால் என்ன, கிரீஸ் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. விரலை விட்டு எடுத்து, சுத்தமான விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்சது. மாத்துங்கன்னு சொன்னாங்க, நான்தான் வேணாம்னேன். சத்தம் வருதுன்னு வந்து சொன்னாங்க, நான்தான் பாக்கல. இவங்க ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல. இருந்திருந்தா பிளேட்டு சொல்லியிருக்கும். அதையும் காட்டுறேன், வாங்க."

"எழுதியே வச்சிருக்கீங்களே மனுசா," என்றார். பாதி கோபம், பாதி வேறெதுவோ.

புஷ்பராணி என்னைப் பார்த்தார். "ராத்திரியெல்லாம் ஊறப்போட்டீங்களாண்ணே?"

"ஆமா."

"நான் புழுங்கல் அரிசியத்தான் அப்படி ஊறப்போடுவேன்."

செல்வம் பின்னால் திரும்பி நின்று சிரித்தான். சுப்பையாவும் சிரித்துவிட்டார். பிறகு பேரிங்கைக் கையில் உருட்டினார்.

"எம்மக பகல் போன் பண்ணுனா," என்றார் கடைசியில். "முதல் கேள்வியே வேகம், நேரம், தூரமாம். வேன்லயே செஞ்சு பாத்துட்டேன்பான்னா." பேரிங்கை புஷ்பராணியிடம் கொடுத்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி?"

"ஆறே முக்கால்ணே."

"நான் வந்து லயத்துல சொல்லிக்கிறேன்."

6. கழுவக் கூடாதவை

அன்று மாலை கொப்பியின் கடைசியில் ஒரு புதுப் பக்கம் தொடங்கினேன். தலைப்பு, "கழுவக் கூடாதவை." அதில் முதல் வரி ரிலீஸ் பேரிங். அதற்குக் கீழே எழுதியதையே இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கும் சொல்கிறேன். கியர் பாக்ஸ் இறங்கினால் ரிலீஸ் பேரிங் மாறியே ஆக வேண்டும், சுற்றினாலும் சரி, பாடினாலும் சரி. கிடைக்காவிட்டால் வண்டி காத்திருக்கட்டும். பிளேட்டோடு சேர்ந்து ஓடியது பிளேட்டோடு சேர்ந்தே போக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். வண்டிக்காரர் சத்தம் என்று வந்து சொன்னால், அது உங்கள் வேலையைப் பற்றிய சத்தமாக இருந்தாலும், படுத்துப் பாருங்கள்.

சுத்தமாக வேலை செய்வதும் சரியாக வேலை செய்வதும் ஒன்று என்று இருபத்துமூன்று வருடம் நம்பியிருந்தேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றுதான். ஒன்றாக இல்லாத நாளில் கொப்பி சொல்லும், நாம் பார்த்தால்.

அந்தப் பேரிங் என்னிடம் இல்லை. புஷ்பராணி அன்றே கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது வேனின் டேஷ்போர்டில், பிள்ளைகளின் பெயர்த்தாள் காற்றில் பறக்காமல் இருக்க மேலே வைத்த பாரமாக இருக்கிறது. யாராவது பெண் ஓட்டினால் கிளச் தாங்காது என்று பேச்சை எடுத்தால், அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, "உள்ள விரல விட்டுப் பாருங்க," என்கிறாராம். சர்வீஸுக்கு வண்டி வரும்போதெல்லாம் நானும் அதைப் பார்க்கிறேன். ஒருமுறை அதில் கொஞ்சம் துரு ஏறியிருந்தது. துணியை எடுக்கக் கை போனது.

"விடுங்கண்ணே," என்றார் அவர். "அத மட்டும் கழுவாதீங்க."